தாளம் தப்பும் 3டி கண்ணாடி: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

"எனக்கு 3டி ஒத்துக்காதுப்பா, தலை வலிக்குது." இடைவேளையில் இப்படிச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்பவரை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். மீதிப் படத்தை அவர் இரட்டை இரட்டையாகத் தெரியும் திரையைப் பார்த்தே ஓட்டுவார். தன் கண்ணில்தான் ஏதோ குறை என்ற நினைப்போடு வீடு திரும்புவார்.

அவருடைய கண்ணில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். அவர் போட்டிருந்தது ஷட்டர் வகைக் கண்ணாடி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நேரக் கணக்கை. இந்தக் கண்ணாடி திரையோடு சேர்ந்து தாளம் போட வேண்டும். நொடியில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் படம் கெட்டுவிடும். அந்தத் தாளம் எப்படி ஓடுகிறது, எங்கெல்லாம் தப்புகிறது என்று தெரிந்துகொண்டால், தியேட்டரிலும் வீட்டுக் கணினியிலும் வரும் பல தொல்லைகளை நாமே தீர்த்துவிடலாம்.

இரு கண்ணுக்கு இரு படம்

கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறியதுபோலத் தெரியும். நம் கண்கள் இரண்டுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒவ்வொன்றும் உலகைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. மூளை அந்த இரண்டையும் இணைத்துத்தான் ஆழத்தை அறிகிறது. இதை 1838-ல் விளக்கிக் காட்டியவர் இங்கிலாந்து அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன். அன்று முதல் இன்று வரை எல்லா 3டி முறைகளுக்கும் வேலை ஒன்றுதான்: இடக்கண்ணின் படம் இடக்கண்ணுக்கு மட்டும், வலக்கண்ணின் படம் வலக்கண்ணுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும்.

இதற்குத் தியேட்டர்களில் இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று போலரைஸ்டு முறை. இரண்டு படங்களையும் ஒளி அதிரும் திசையை வைத்துப் பிரிக்கிறார்கள். கண்ணாடி லேசானது, பேட்டரி தேவையில்லை. ஆனால் சாதாரண வெள்ளைத் திரை அந்த ஒளியின் திசையைக் கலைத்துவிடும் என்பதால், உலோகப் பூச்சுள்ள திரை கட்டாயம். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-ல் வந்தபோது ரசிகர்கள் போட்டுக்கொண்டது இந்த வகைக் கண்ணாடிதான்.

இன்னொன்று ஷட்டர் முறை. இதில் திரை ஒரு கணம் இடக்கண்ணின் படத்தைக் காட்டும். அப்போது கண்ணாடி வலக்கண்ணை மறைக்கும். அடுத்த கணம் வலக்கண்ணின் படம் வரும், இடக்கண் மறைக்கப்படும். உலோகப் பூச்சுத் திரை தேவையில்லை. மாறாக, கண்ணாடிக்குள் பேட்டரியும் மின்சுற்றும் இருக்க வேண்டும். கையில் வாங்கியதும் கனமாக, தடித்த சட்டத்தோடு, மூக்குப் பாலத்தில் ஒரு சிறு கரும்புள்ளியோடு இருந்தால் அது பெரும்பாலும் ஷட்டர் கண்ணாடி. அந்தப் புள்ளிதான் தாளத்தைக் கேட்கும் காது.

கடிகாரக்காரரின் கண்டுபிடிப்பு

யோசனை புதிதல்ல. 1922 டிசம்பரில் நியூயார்க்கின் செல்வின் தியேட்டரில் 'டெலிவியூ' என்ற ஏற்பாட்டை லாரன்ஸ் ஹாமண்ட் அறிமுகம் செய்தார். ஒவ்வொரு இருக்கையிலும் வளையும் தண்டில் ஒரு பார்வைக் கருவி. அதற்குள் மோட்டாரில் சுழலும் மறைப்பு. புரொஜெக்டரும் மறைப்பும் ஒரே வேகத்தில், ஒரே கட்டத்தில் ஓடின. வேலை செய்தது, ஆனாலும் செலவு கட்டுப்படியாகாமல் அந்த ஒரே தியேட்டரோடு நின்றுபோனது. ஹாமண்ட் பின்னர் மின்சாரக் கடிகார நிறுவனம் தொடங்கினார். 1930-களில் தன் பெயரிலான ஆர்கனையும் உருவாக்கினார். கண்ணாடி, கடிகாரம், இசைக்கருவி மூன்றிலும் அவர் தேடியது ஒன்றே: மோட்டார் ஒரு துளியும் பிசகாமல் காலம் காக்க வேண்டும்.

இன்றைய கண்ணாடியில் மோட்டார் இல்லை. ஒவ்வொரு வில்லையிலும் இரண்டு போலரைசர் தகடுகளுக்கு நடுவே, கால்குலேட்டரில் எண் காட்டும் அதே நீர்மப் படிகம் இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் வில்லை கறுக்கும், எடுத்துவிட்டால் தெளியும். மின்சாரம் இல்லாதபோது கண்ணாடி திறந்தே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கோளாறு தேடும்போது உதவும்.

தியேட்டரில் என்ன நடக்கிறது?

சினிமா நொடிக்கு 24 படம். 3டியில் ஒரு கண்ணுக்கு 24 வீதம் 48. அவ்வளவு மெதுவாக மாற்றினால் கண் கூசும் என்பதால், டிஜிட்டல் புரொஜெக்டர் ஒவ்வொரு படத்தையும் மும்மூன்று முறை காட்டுகிறது. ஆக நொடிக்கு 144 மின்னல்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 7 மில்லிநொடி. நாம் ஒரு முறை இமைப்பதற்குள் கண்ணாடி பத்துத் தடவைக்கு மேல் திறந்து மூடிவிடும்.

எப்போது மூட வேண்டும் என்பதை, புரொஜெக்டரோடு இணைந்த எமிட்டர் அகச்சிவப்புக் கதிர் மூலம் சொல்கிறது. எக்ஸ்பேண்ட் போன்ற முறைகளில் இந்தக் கதிரைப் பெரும்பாலும் திரையின் மீது பாய்ச்சுவார்கள்; அது திரும்பி வந்து எல்லா இருக்கைகளையும் எட்டும். எமிட்டரின் கோணம் தவறினால், ஓரத்து இருக்கைகளிலும் முன்வரிசையிலும் சைகை பலவீனப்படும். 'இங்கே உட்கார்ந்தால் படம் துள்ளுது' என்று ஒரே பகுதியிலிருந்து பலர் சொன்னால், பார்க்க வேண்டியது எமிட்டரை. ஒரே ஒருவருக்கு மட்டும் என்றால் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தால் போதும்.

வெளிச்சமும் முக்கியம். போலரைசர் பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிடும். மிச்சத்திலும் பாதி நேரம் கண் மறைக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு வந்து சேர்வது கால் பங்குக்கும் குறைவே. சாதாரணப் படத்துக்குத் திரை வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் இருக்க வேண்டும் என்பது தொழில் அளவுகோல், 3டிக்கு 4.5 அளவே நெடுநாள் நடைமுறை. பழைய விளக்கை மாற்றாமல் ஓட்டும் தியேட்டரில் அதுவும் கிடைக்காது. அங்கே தலைவலி வந்தால், ரசிகர்மீது பழி போடக்கூடாது.

கணினியில் அமைப்பது எப்படி?

முதல் நிபந்தனை, மானிட்டர் நொடிக்கு 120 படங்களை உள்ளே வாங்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்கு 60 வீதம் கிடைக்கும். '120 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கும் டிவிகள் சில 60 படங்களையே வாங்கி, இடையே தாமாகப் படங்களைச் செருகிக்கொள்பவை. அவை இதற்கு உதவாது. நல்ல மானிட்டரும்கூட முதலில் 60-ல் நிற்கக்கூடும். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் 120-க்கு மாற்றுங்கள்.

அடுத்தது கேபிள். பழைய 3டி மானிட்டர்களுக்கு டூயல் லிங்க் டிவிஐ கேபிள் வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சிங்கிள் லிங்க் கேபிளைச் செருகினால் 120 என்ற தேர்வே வராது. 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முறையில், முழு எச்டி 3டி படம் நொடிக்கு 24 வீதம் போகும். சினிமா பார்க்க அது போதும், விளையாட்டுக்குப் போதாது.

மூன்றாவது மென்பொருள். வீட்டுக் கணினிகளில் இதைப் பரவலாக்கியது என்விடியா 2009-ல் கொண்டுவந்த '3டி விஷன்'. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டிரைவர்களில் அந்த வசதி இல்லை. டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் கண்ணாடி வேலை செய்யவில்லை என்றால், கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

டிஎல்பி புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். 'டிஎல்பி லிங்க்' முறையில் தனி எமிட்டர் கிடையாது. படங்களுக்கு இடையே திரையே ஒரு மின்னல் வெட்டிக் கண்ணாடிக்குத் தாளம் சொல்லும். அதனால் வேறு நிறுவனத்தின் டிஎல்பி லிங்க் கண்ணாடியும் பெரும்பாலும் பொருந்தும். அகச்சிவப்பு முறையில் அப்படியில்லை. ஒரு நிறுவனத்தின் சைகை மற்றதன் கண்ணாடிக்குப் பெரும்பாலும் புரியாது.

'இ'யும் 'வ'வும்: ஒரே படத்தில் மூன்று சோதனை

ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, இடப் பாதியில் 'இ' என்றும், வலப் பாதியில் 'வ' என்றும் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக எழுதுங்கள். பக்கவாட்டு 3டி முறையில் திரையிட்டுக் கண்ணாடியைப் போடுங்கள். வலக்கண்ணை மூடினால் 'இ' மட்டும் தெரிய வேண்டும். இடக்கண்ணை மூடினால் 'வ' மட்டும்.

*இரண்டு எழுத்தும் சம அழுத்தமாகத் தெரிந்தால்:* கண்ணாடி இயங்கவே இல்லை. மின்சாரம் இல்லாத வில்லை திறந்தே இருக்கும் என்றோமே, அது இதுதான். பேட்டரியைப் பாருங்கள். எமிட்டருக்குக் குறுக்கே எதுவும் இருந்தால் அகற்றுங்கள். நேரடி வெயில் விழும் ஜன்னலை மூடுங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு.

*எழுத்து இடம் மாறித் தெரிந்தால்:* தாளம் சரி, ஆனால் அரை அடி தள்ளி விழுகிறது. அருகிலிருப்பது தொலைவிலும், தொலைவிலிருப்பது அருகிலும் தெரியும். பலருக்கு இது பிடிபடாது. 'ஏதோ சரியில்லை' என்ற உறுத்தலும் தலைவலியுமே மிஞ்சும். கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இட வில்லை வலக்கண்ணுக்கு வரும். படம் சரியானால் கோளாறு உறுதி. புரொஜெக்டரின் மெனுவில் 3டி சிங்க்கை மாற்றும் தேர்வு இருக்கும். தியேட்டர் என்றால் ஊழியரிடம் உடனே சொல்லுங்கள்.

*ஒன்று பளிச்சென்றும் மற்றது ஆவிபோலும் தெரிந்தால்:* ஒளிக்கசிவு. எல்சிடி திரை படத்தை மேலிருந்து கீழாக மாற்றி எழுதுகிறது. எழுதி முடிப்பதற்குள் அடுத்த வில்லை திறந்துவிட்டால், திரையின் மேல் அல்லது கீழ் ஓரத்தில் பழைய படம் நிழலாக நிற்கும். கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தால் நிழல் மங்கும். தலையைச் சாய்க்காமல், திரைக்கு நேரே உட்காருங்கள். படுத்துக்கொண்டு பார்த்தால் எந்தக் கண்ணாடியும் உதவாது.

எழுத்தெல்லாம் சரி, ஆனால் அறையே துடிக்கிறது என்றால் நிமிர்ந்து டியூப்லைட்டைப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணாடியோ கண்ணுக்கு 60 முறை திறக்கிறது. இரண்டும் ஒட்டாததால் கண்ணில் படுவது அந்த மோதலின் துடிப்பு. விளக்கை அணையுங்கள், முடியாவிட்டால் மானிட்டரை 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கண்ணுக்கு 50 முறை என்று ஆனதும் விளக்கும் கண்ணாடியும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கண்ணாடியைப் போட வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனாலும் தெரியவில்லை

பேட்டரி, எமிட்டர், விளக்கு எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பக்கத்தில் இருப்பவர் அதே கண்ணாடியில் வியந்து பார்க்கிறார். ஆனால் உங்கள் குழந்தைக்கு மட்டும் திரை தட்டையாகவே தெரிகிறது. இப்போதுதான் கண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். மாறுகண் இருந்தாலும், ஒரு கண் சோம்பிப்போயிருந்தாலும் மூளை இரு படங்களை இணைக்காது. ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பழகிய குழந்தைக்குத் தன்னிடம் ஒரு குறை இருப்பதே தெரியாது. அதனால் அது சொல்லவும் சொல்லாது. சிறு வயதிலேயே கண்டுபிடித்தால், சோம்பிய கண்ணுக்குச் சிகிச்சை நன்றாகப் பலன் தரும்.

ஆகவே, 'எனக்கு 3டி ஒத்துக்காது' என்ற முடிவுக்கு அவசரமாக வராதீர்கள். கண்ணாடியை மாற்றிக் கேளுங்கள். இருக்கையை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் ஆழம் தெரியாவிட்டால், அடுத்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள்.