எடைக்குப் போடும் முன்

மீட்டர் பலகையில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும் கிட்கேட் ஃப்யூஸ் கட்டையைத் தெரியாதவர் யார்? தமிழ்நாட்டு வீடுகளில் இருந்த அந்தக் கட்டைகளில் பல விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்தவை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெளிவரும் களிமண், அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம், சிறு பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டை எல்லாம் சேர்ந்துதான் இந்த ஊரைப் பீங்கான் நகரம் ஆக்கின. எம்சிபி சுவிட்ச் வந்த பிறகு அந்த வெள்ளைக் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கடை வாசலில் அதற்கு நடப்பது இதுதான். கட்டையைக் கருங்கல் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பீங்கான் நான்காகச் சிதறும். உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வியும் திருகும் சாக்குக்குள் போகும். 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்த பீங்கான் மறுபடி களிமண்ணாக மாறாது. அதை யாரும் விலை கொடுத்து எடுப்பதில்லை, குப்பைமேட்டுக்குத்தான் போகும். கட்டையை அப்படியே கொடுத்தால் பீங்கான் எடையைக் கழித்து, உடைக்கும் கூலியையும் கழித்து, கடைக்காரர் கண்மதிப்பில் ஒரு விலை சொல்வார். பித்தளையைத் தனியே எடுத்துக் கொடுத்தால் பித்தளை விலை. பழைய உலோக வியாபாரத்தில் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் இந்தப் பிரிப்பில்தான் இருக்கின்றன. எங்கே விற்கிறோம் என்பது அடுத்த கேள்வி.

அந்த அடுத்த கேள்வியைத்தான் இப்போது எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கைபேசியில் இன்றைய செம்பு விலை தெரிகிறது, இரும்பு விலை தெரிகிறது. பிறகு ஏன் தெருமுனைக் கடையில் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டும்? ஆன்லைனில் போட்டால் நல்ல விலை வராதா?

சிலவற்றுக்கு வரும். ஆனால், திரையில் தெரியும் செம்பு விலை லண்டன் உலோகச் சந்தையிலோ நம் நாட்டு எம்சிஎக்ஸ் சந்தையிலோ சுத்தச் செம்புக்கு டன் கணக்கில் பேசப்படும் விலை. மோட்டாரிலிருந்து உருவிய, வார்னிஷ் பூசிய, கருகிய கம்பிக்கு அந்த விலை கிடைக்காது. அது உருக்கும் உலைக்குப் போய்ச் சேரும்வரை பிரிப்பவர், மொத்த வியாபாரி, லாரிக்காரர் என்று பல கை மாறுகிறது. ஒவ்வொரு கைக்கும் கூலி உண்டு. திரை விலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் ஏமாற்று என்று சொல்வது அந்த உழைப்பாளிகளுக்குச் செய்யும் அநியாயம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீடு இடித்ததில் 200 கிலோ இரும்பு சேர்ந்திருக்கிறது. கடலூரில் ஒரு வியாபாரி உள்ளூர்க் கடையைவிடக் கிலோவுக்கு 4 ரூபாய் கூடுதலாகத் தருவதாக ஆன்லைனில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 ரூபாய் அதிகம். விருத்தாசலத்திலிருந்து கடலூர் சுமார் 60 கிலோமீட்டர். போய்வர மினி வேன் வாடகையே அதை விழுங்கிவிடும். ஏற்றி இறக்கும் கூலி தனி. அதே 4 ரூபாய் 5 டன்னுக்கு என்றால் 20,000 ரூபாய். அப்போது லாரி பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு ஆன்லைன் புதிதே அல்ல. பழைய இரும்பு ஏற்றுமதியை ஒழுங்குபடுத்த 1964-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம்தான் எம்எஸ்டிசி. இன்று அதன் முக்கியத் தொழில் மின்னணு ஏலம். பக்கத்திலுள்ள நெய்வேலி என்எல்சியின் பழைய இரும்பும் அந்த ஏலத்துக்கு வருகிறது. விருத்தாசலம் ஜங்ஷன் வழியாக ஓடும் ரயில்வேக்கும் பழைய தண்டவாளம், கழிவு இரும்பு விற்கத் தனி இணைய ஏலத் தளம் இருக்கிறது. ஏலம் கேட்பவர் முன்கூட்டியே பதிவு செய்து முன்பணம் கட்ட வேண்டும், பொருளை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே எந்த நிலையில் கிடக்கிறதோ அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்வது நிபந்தனை. கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும். கெடுவுக்குள் சரக்கைத் தூக்காவிட்டால் இட வாடகை விழும். டேபிளுக்கு அடியில் பேரம் பேசி, பழக்கப்பட்ட ஆளுக்குத் தள்ளிவிடும் பழைய வழியை இந்த முறை பெருமளவு அடைத்தது; பொதுப் பணத்துக்கு அது நல்லது. ஆனால் லட்சக்கணக்கில் முன்பணம் கட்ட முடியாத விருத்தாசலத்துச் சிறு வியாபாரி இந்த ஏலத்துக்குள் நுழைய வழியில்லை. கூப்பிடு தூரத்தில் கிடக்கும் இரும்பை வெளியூர்க்காரர் ஏலம் எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இனி தொழிற்பேட்டைக்கு வருவோம். எனக்கு அக்கறையும் ஆதங்கமும் அதிகம் இங்கேதான். ஒரு பீங்கான் பட்டறை மூடப்படும்போது முதலாளிக்கு மனம் வெறுத்துப் போகிறது. கடன் கழுத்தை நெரிக்கிறது. “மொத்தமா எடைக்குப் போட்டுடுங்கண்ணே, பாத்துக்கலாம்” என்று யாராவது சொல்ல, கேஸ் கட்டரோடு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மண்ணை அரைக்கும் பால் மில், தண்ணீர் பிழியும் ஃபில்டர் பிரஸ், களிமண்ணைப் பிசைந்து தள்ளும் பக் மில் எல்லாம் ஒரே நாளில் துண்டுகளாகின்றன. இயங்கும் நிலையிலுள்ள பால் மில் ஒரு இயந்திரம். வெட்டிவிட்டால் அது வெறும் இரும்புத் தகடு. குஜராத்தின் மோர்பியிலும் உத்தரப்பிரதேசத்தின் குர்ஜாவிலும் பீங்கான் தொழில் நடக்கிறது. பழைய இயந்திரம் தேடுகிற சிறு பட்டறைகள் அங்கெல்லாம் இருக்கும். இந்தியாமார்ட் போன்ற தளங்களில் நல்ல படம், கொள்ளளவு, மோட்டாரின் குதிரைத்திறன், ஓடும் வீடியோ போட்டு ஒரு மாதம் காத்திருந்தால் எடை விலையைப் போல இரண்டு மடங்கு கேட்பதற்குக்கூட ஆள் வரலாம். இயந்திரம் இயந்திரமாகவே போகட்டும். இதற்கு இணையத்தைப் போல உதவுகிற சந்தை வேறில்லை.

எடைக்குத்தான் போட வேண்டும் என்றால் சூளைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும். சூளை வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைச் சாதாரணக் கம்பி என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. உயர்ந்த வெப்பச் சூளைகளில் வைக்கும் ஆர் வகை, எஸ் வகைத் தெர்மோகப்பிள்களில் இருப்பது பிளாட்டினமும் ரோடியமும். குண்டூசி தடிமன்கூட இல்லாத அந்தக் கம்பி, மூட்டை மூட்டையாகக் கிடக்கும் இரும்புக்கு ஈடான விலை பெறக்கூடியது. கே வகையில் பிளாட்டினம் கிடையாது. எந்த வகை என்று தெரியாவிட்டால் பயிலகத்தில் கேட்கலாம். மின்சூளையின் நிக்ரோம் சுருள்களிலும் நிக்கல் அதிகம், அவற்றையும் இரும்போடு கலக்கக் கூடாது. சட்டைப்பையில் ஒரு காந்தம் இருந்தால் போதும்: பித்தளை என்று நினைத்ததில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. சூளைச் சுவரின் செராமிக் ஃபைபர் போர்வையை மட்டும் வெறும் கையால் பிய்க்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வயரைத் தெருவோரம் எரித்துச் செம்பு எடுப்பதும் அப்படித்தான். பிவிசி எரிந்தால் டையாக்சின் வரும். உரித்து எடுக்க நேரம் ஆகும், ஆகட்டும்.

உள்ளூர்க் கடையின் பலம் வேறு. சனிக்கிழமை மாலை ஒரு சாக்கு கொண்டுபோனாலும் அப்போதே கையில் காசு. பேரீச்சம்பழத்துக்குப் போட்ட காலம் முதல் அவர்தான் நம் வீட்டு உடைந்த குடத்தையும் வளைந்த குடைக் கம்பியையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு கிலோ தகரத்துக்காக எந்தச் செயலியும் விருத்தாசலத்துத் தெருவுக்கு ஆள் அனுப்பாது. சென்னையில் பேப்பர்மேன் போன்ற முயற்சிகள் வீட்டு வாசலில் வந்து எடுத்தது, நெருக்கமான வீடுகள் இருக்கும் பெருநகரத்தில் வண்டிச் செலவு கட்டுபடியாகும் என்பதால்தான்.

அதே கடையின் பலவீனம் தராசு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அரசு முத்திரை வேண்டும். முத்திரைச் சான்றைக் கடையில் பார்வையில் வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்பது உரிமை, சண்டை இல்லை. 200 கிலோவில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் 10 கிலோ போச்சு. வீட்டிலேயே ஒரு முறை நிறுத்துக்கொண்டு போனால் பேச்சு எளிதாகும். பெரிய சரக்கை வேறொரு எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிவிட வேண்டும். நாணயமான கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அந்தச் சீட்டு பாதுகாப்புத்தான். விற்பவர் யார் என்று அவர் கேட்டுக் குறித்துக்கொண்டால் நாமும் முகம் சுளிக்கக் கூடாது. ரயில்வேப் பொருளை முறைகேடாக வைத்திருந்தால் 1966-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். திருட்டுச் செம்பு தெரியாமல் கடைக்குள் வந்தால் முதலில் மாட்டுபவர் அவர்தான்.

வரி விஷயமும் இந்தத் தெருவுக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாத வியாபாரியிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே அதற்கான வரியைக் கட்ட வேண்டும். பில் இல்லாத சரக்கைப் பெரிய வியாபாரிகள் யோசித்துத்தான் வாங்குவார்கள்.

ஆன்லைனில் விற்பவருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்ததுமே பேரம் பேசாமல் முழு விலைக்கும் சம்மதித்து, “பணம் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்று சொல்பவர் வியாபாரி அல்ல, திருடர். யுபிஐ-யில் பணம் வாங்க எந்த பின் நம்பரும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு ஒரு யோசனை. ஒவ்வொருவரும் தனித்தனியே சாக்கு சாக்காகக் கொடுப்பதை நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டறைகள் சேர்ந்து இரும்பு, வார்ப்பிரும்பு, செம்பு, பித்தளை என்று பிரித்து ஒரு லாரி லோடு சேர்க்கலாம். வார்ப்பிரும்புக்குக் கோவை வார்ப்பாலைகள் இருக்கின்றன, இரும்புக்குக் கும்மிடிப்பூண்டி உருக்காலைகள், பித்தளைக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகள். அந்த ஊர்களுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கு ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் படமும் எடைச் சீட்டும் அனுப்பி விலை கேட்க வேண்டும். அதே பட்டியலில் நம் ஊர்க் கடைக்காரரின் எண்ணும் இருக்கட்டும். லாரி வாடகையைக் கழித்த பிறகு அவர் சொல்லும் விலையே நல்ல விலையாக நிற்கலாம்.