காலணா கார்டில் ஒரு பட்டணம்!

ஆரணி என்றாலே பட்டுதான். நெசவாளர் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் காதில் விழும்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் பரணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தகரப் பெட்டி ஒன்று கீழே இறங்குகிறது. உள்ளே ஜாதகம், பத்திரம், கல்யாணப் பத்திரிகை. அவற்றுக்கு நடுவே ஒரு தபால் கார்டு. ஒரு பக்கம் சென்னைப் பட்டணத்தின் கறுப்பு வெள்ளைப் படம். மறுபக்கம் தாத்தாவுக்கு யாரோ எழுதிய நாலு வரி.

"இந்தக் குப்பை எதற்கு?" என்று அதை அடுப்பில் போட்டுவிடலாம். ஆனால், எரிவது வெறும் காகிதம் அல்ல. பழைய பட்டணத்தின் ஒரு துண்டு!

ரூபாய்க்கு 64 கார்டு

உலகின் முதல் தபால் கார்டு 1869-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரி நாட்டில் வெளிவந்தது. இந்தியாவுக்கு அது 1879-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி வந்தது. விலை காலணா. ஒரு ரூபாய்க்கு 64 கார்டு! அதில் படம் கிடையாது.

1900-ம் ஆண்டையொட்டிப் படக் கார்டுகள் பரவின. சென்னையில் மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், வீலே அண்டு கிளைன் போட்டோ ஸ்டூடியோவும் அவற்றை வெளியிட்டன. கடற்கரை, ஐகோர்ட்டு, சென்ட்ரல் ஸ்டேஷன், கடைத்தெரு எல்லாம் கார்டில் ஏறின.

வெள்ளைக்காரர்கள் அவற்றை வாங்கிக் கப்பல் தபாலில் சீமைக்கு அனுப்பினார்கள். அதனால், சென்னையின் பழைய முகம் பல அங்கே போய்த் தங்கிவிட்டது. ஸ்டீபன் ஹியூஸ், எமிலி ஸ்டீவன்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சென்னை, பெங்களூர் கார்டுகளைத் திரட்டி, 2018-ல் லண்டனில் ஒரு கண்காட்சியே நடத்தினார்கள்!

எம்டன் வந்த இரவு

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு. "எம்டன்" என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. துறைமுகத்தின் அருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

பொல்லாத ஆளை "அவன் சரியான எம்டன்" என்பார்களே, அது இந்தக் கப்பலின் பெயர்தான். குண்டு விழுந்த இடத்தின் படங்களும் தபால் கார்டாக வந்தன!

மூர் மார்க்கெட்டும் பழைய கார்டுகளில் இருக்கிறது. 1985-ல் அது தீயில் அழிந்தது. சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் 1895-ல் ஓடத் தொடங்கி, 1953-ல் நின்றது. இன்று பேரப்பிள்ளைகளுக்கு டிராமைக் காட்ட வேண்டுமானால் படத்தில்தான் காட்ட வேண்டும்.

போட்டோவா, அச்சா?

கையில் உள்ள கார்டு அசல் போட்டோவா, அச்சடித்த படமா? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிறு சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், அது அச்சு. போட்டோவில் அப்படிப் புள்ளிகள் தெரியாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஆரம்பத்தில் அங்கே விலாசம் மட்டுமே எழுதலாம். சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி எழுத வேண்டும். நடுவே கோடு போட்டு, ஒரு பாதியில் சேதி எழுத 1902-ல் பிரிட்டன் அனுமதித்தது. பிறகு மற்ற நாடுகளிலும் அது வந்தது. எனவே கோடு, தபால்தலை, முத்திரை மூன்றும் சேர்ந்து கார்டின் வயதைச் சொல்லிவிடும்.

தபால்தலையைக் கிழித்து எடுக்காதீர்கள். கார்டைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். படத்தின் மீது விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

பெயர் எங்கே?

இந்தக் கார்டுகளில் ஒரு குறை உண்டு. கட்டிடத்துக்குப் பெயர் போட்டார்கள். தெருவுக்குப் பெயர் போட்டார்கள். ஆனால் நெசவாளர், சலவைத் தொழிலாளர், வண்டிக்காரர் என்று உழைப்பாளிகளைப் படம் எடுத்தபோது தொழிலை மட்டும் போட்டார்கள். பெயரைப் போடவில்லை! தறியில் உட்கார்ந்திருப்பவர் யார்? எந்த ஊர்? யாருடைய தாத்தா? இன்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தவறை வீட்டில் நாமும் செய்யலாமா? ஆரணியில் தறி முன் நின்று தாத்தா எடுத்துக்கொண்ட படம் இருக்கலாம். பாட்டியின் கல்யாணப் படம் இருக்கலாம். இன்றே ஒரு பென்சிலை எடுங்கள். படத்தின் பின்னால் ஓரமாக, அழுத்தாமல், பெயர், ஊர், வருஷம் மூன்றையும் எழுதுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

படம் முகத்தைக் காப்பாற்றும். பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்!