வேலை இருக்கிறது, எழுத்தில் இல்லை: இந்தியத் தொழிலாளர்களின் உண்மை நிலை

2023-24-ஆம் ஆண்டில் இந்தியாவின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். மத்திய அரசு நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பு தரும் எண் இது. 2017-18-ல் இதே கணக்கெடுப்பில் 6.1 சதவீதமாக இருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் ஆறே ஆண்டுகளில் வேலையின்மை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் நம் ஊர்களில் பட்டம் முடித்த பிள்ளைகள் வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பதையும், இருபது ஆண்டுகள் ஒரே கடையில் நின்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புவதையும் நாம் பார்க்கிறோம். இந்த எண்ணும் பொய்யல்ல, நாம் பார்ப்பதும் பொய்யல்ல. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது என்ன என்பதும் புரிந்துவிடும்.

யார் 'வேலையில் இருப்பவர்'?

கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று, கடந்த ஓராண்டைப் பார்ப்பது. அந்த ஆண்டின் பெரும்பகுதி வேலை செய்தவரும், துணை வேலையாகக் குறைந்தது 30 நாட்கள் உழைத்தவரும் வேலையில் இருப்பவர்களே. மேலே சொன்ன 3.2 சதவீதம் இந்த அளவுகோலில் வந்தது. மற்றொன்று, கடந்த ஒரு வாரத்தைப் பார்ப்பது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். சம்பளம் வாங்காமல் குடும்பக் கடையிலோ வயலிலோ உதவும் மனைவியும் மகனும்கூட இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்கள்தான்.

2023-24 கணக்குப்படி உழைப்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். இதற்குள் தொழிலதிபரும் உண்டு, தள்ளுவண்டியில் பழம் விற்பவரும் உண்டு, கூலியில்லாமல் வீட்டுத் தொழிலில் உதவுபவரும் உண்டு. மாதச் சம்பளக்காரர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மற்றோர் ஐந்தில் ஒரு பங்கினர் தினக்கூலிகள். விவசாயத்தை நம்பியிருப்பவர்கள் இன்னும் 46 சதவீதம். பெண்கள் வேலைக்கு வரும் விகிதம் 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்ததும் உண்மை. ஆனால் அந்த உயர்வில் பெரும்பகுதி விவசாயத்திலும் சுயதொழிலிலும், கூலியற்ற குடும்ப உதவியிலும் வந்தது.

ஏழை வீட்டில் வேலை தேடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. கிடைத்ததைச் செய்தால்தான் அன்று அடுப்பு எரியும். அதனால்தான் வேலையின்மை படித்தவர்களிடம் அதிகமாகத் தெரிகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது வெறும் 3.4 சதவீதம். படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்குப் பொருளல்ல. காத்திருக்க அவருக்கு வழியில்லை என்பதே பொருள்.

சம்பளம் உண்டு, சான்று இல்லை

மாதச் சம்பளம் வாங்குபவர்களின் நிலையும் முழுப் பாதுகாப்பானதல்ல. விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுத்துப்பூர்வமான பணி ஒப்பந்தம் கிடையாது. பி.எஃப்., ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்பு இல்லாதவர்களும் பாதிக்கு மேல்.

நம் சமுதாயத்துக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. முஸ்லிம்கள் மற்றவர்களைவிடச் சுயதொழிலை அதிகம் சார்ந்திருப்பதையும், முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலைகளில் குவிந்திருப்பதையும், நிரந்தரமான பாதுகாப்புள்ள பணிகளில் முஸ்லிம்கள் குறைவாக இருப்பதையும் 2006-லேயே சச்சார் குழு எடுத்துச் சொன்னது.

வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்வோம். மேலப்பாளையம் உட்பட நெல்லை வட்டாரத்தில் இது பல குடும்பங்களின் பிழைப்பு. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. அவருக்கும் பி.எஃப். உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1980-களிலேயே தீர்ப்பளித்தது. ஆனாலும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் தன் பெயர் உள்ள பெண்ணுக்கே அந்த உரிமை கைக்கு வருகிறது. அடுத்தவர் பெயரில் இலை வாங்கிச் சுற்றித் தருபவர் அதே வேலையைச் செய்கிறார், அதே கைவலியைச் சுமக்கிறார். ஆனால் காகிதத்தில் அவர் இல்லை.

அந்தக் காகிதம் தருவது என்ன?

பி.எஃப். என்றால் வயதான பிறகு கிடைக்கும் பணம் என்று மட்டும் நினைக்கிறோம். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால், ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடும். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம்.

இ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தும். சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். குடும்பத்துக்கு மருத்துவமும், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும்.

பி.எஃப். தொகைக்கு வரும் வட்டி பற்றி நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. அதை மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். ஆனால் அந்தத் தயக்கத்தைக் காரணம் காட்டி முதலாளி தன் பங்கைக் கட்டாமல் விட முடியாது.

நாம் இரு பக்கமும் இருக்கிறோம்

நம்மில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள், வேலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலிலிருந்து ஜவுளிக்கடை, பிரியாணிக்கடை, மளிகைக்கடை வரை நம் சகோதரர்கள் முதலாளிகளாக இருக்கிறார்கள். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்கள் அத்தனை பேர்!

உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் ஜும்ஆ உரைகளில் அடிக்கடி கேட்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தில் விரிவாகக் கட்டளையிடுவதையும் அறிவோம். செய்து முடித்த வேலைக்குத் தர வேண்டிய கூலியும் ஒரு கடன்தான். அதை எழுத்தில் வைப்பதை நம்பிக்கையின்மை என்று யாரும் வருந்தத் தேவையில்லை. இரு தரப்பையும் காக்கும் வழி அது.

இந்தக் கணக்கில் நம் பள்ளிவாசல்களும் வரும். இமாமுக்கும் முஅத்தினுக்கும் சம்பளம், விடுப்பு, பணிக்காலம் பற்றி எழுத்தில் ஏதாவது தந்திருக்கிறோமா? உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா? ஜமாஅத் நிர்வாகம் ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை இது.

செய்ய வேண்டியவை

2025 நவம்பர் 21 முதல் 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றின்படி பணியில் சேர்பவருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் பெறுங்கள், அதுவே ஒரு சான்று. பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு, மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத 16 முதல் 59 வயது வரையுள்ளோர் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் தையல், கட்டுமானம், ஆட்டோ எனத் தொழில்வாரியாக நல வாரியங்கள் உள்ளன. பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை உறுப்பினர்களுக்கு உண்டு.

வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர் என்றால், அவருடைய வேலைக்கு என்ன சான்று இருக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜனாஸாவுக்குப் பிறகு தேடினால் பல நேரம் எதுவும் கிடைப்பதில்லை. இந்த வாரமே குடும்பத்தோடு உட்கார்ந்து அந்தக் காகிதங்களை எடுத்துப் பார்ப்போம். இல்லாதவற்றை இன்ஷா அல்லாஹ் கேட்டு வாங்குவோம். நம்மிடம் வேலை செய்பவருக்குத் தர வேண்டியது எதுவும் பாக்கி இருந்தால், அவர் கேட்கும் முன் நாமே கொடுத்துவிடுவோம்.