பழைய பிரியஸைக் கட்டி மேய்ப்பது

இலங்கை அரசு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் தீவுக்குள் ஏற்கெனவே இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றில் கணிசமானவை யப்பானில் ஓடி, பிறகு கப்பலில் வந்து இறங்கிய ஹைபிரிட்டுகள்: ரொயோட்டா பிரியஸ், அக்குவா, ஹொண்டா ஃபிற், வெசல். இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்ட இந்தக் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் பொனற்றைத் திறக்கும் முன்பே கேட்பது, “பற்றரி எப்படி?”

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வதால்தான் பலருக்குக் காசு கரைகிறது. பழைய ஹைபிரிட்டின் பெருஞ்செலவுகளில் பல, தூசு, சூடு, பிழையான ஓயில் என்று சில்லறைக் காரணங்களில் தொடங்குபவை. பழுது எங்கே என்று அளந்து அறியாமல் கழற்றத் தொடங்கும் கராஜ்தான் அவற்றை இலட்சக்கணக்கில் வளர்த்துவிடுகிறது.

2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸையும் 2011 டிசம்பரில் வந்த அக்குவாவையும் எடுத்துக்கொள்வோம். இவற்றில் கிளச் இல்லை. ஸ்ராட்டர் மோட்டார் இல்லை. ஓல்ற்றனேற்றர் இல்லை, அதைச் சுழற்றும் பெல்ற்றும் இல்லை. மாறி மாறி விழும் கியர்களும் கிடையா. பெற்றோல் என்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கோள்கியர்த் தொகுதி இணைக்கிறது. ஒரு மோட்டார் என்ஜினை எழுப்பும். என்ஜின் ஓடும்போது அதனிடமிருந்து மின்சாரம் எடுக்கும். மற்றது சக்கரங்களை உருட்டும். பிறேக் பிடிக்கும்போது தானே மின்பிறப்பாக்கியாக மாறும். இரண்டும் எவ்வளவு வேகத்தில் சுழல்கின்றன என்பதைக் கணினி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் இங்கே கியர் மாற்றம். சாதாரணக் காரில் தேய்ந்து போகும் உறுப்புகளில் பல இந்தக் காரில் இல்லவே இல்லை என்பதை, ஹைபிரிட் என்றாலே பயப்படுகிறவர்கள் யோசிப்பதில்லை. இந்தக் கியர்த் தொகுதிக்கு உரிமையாளர் செய்ய வேண்டிய ஒரே உபகாரம், அதற்குரிய ஓயிலை இடைக்கிடை வடித்துப் புதிதாக ஊற்றுவது. சாதாரண என்ஜின் ஓயில் மாற்றத்தை விடக் கஷ்டமான வேலையல்ல.

இனிப் பற்றரி. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பின்பக்கத்தில் 28 நிக்கல் உலோக ஹைட்ரைட் மொடியூல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் 1.2 வோல்ற் செல்கள் ஆறு. ஆக மொத்தம் 201.6 வோல்ற். அக்குவாவில் 20 மொடியூல்கள், 144 வோல்ற், இடம் பின்சீற்றுக்கு அடியில். பெயர் பெரிதாக இருந்தாலும் பிரியஸ் பற்றரி முழுவதும் பிடிப்பது ஏறத்தாழ 1.3 யூனிற் மின்சாரம். அக்குவாவினுடையது ஒரு யூனிற்றுக்கும் குறைவு. அதையும் கணினி முழுதாக நிரப்பவோ முழுதாக வடிக்கவோ விடுவதில்லை. ஏறக்குறைய 40க்கும் 80க்கும் இடைப்பட்ட வீதத்திலேயே வைத்திருக்கும். இந்தக் கட்டுப்பாடுதான் பற்றரிக்குப் பத்து, பதினைந்து வருட ஆயுளைக் கொடுக்கிறது.

அந்த ஆயுளைக் குறைப்பது சூடு. பற்றரியைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் கிடையாது. பயணிகள் இருக்கும் இடத்துக் காற்றையே சிறிய விசிறி ஒன்று உறிஞ்சி மொடியூல்களுக்கிடையே செலுத்துகிறது. பின்சீற்றின் பக்கவாட்டில் பிளாஸ்ரிக் சட்டம் போட்ட துவாரம் ஒன்று தெரியும். காற்று உள்ளே போகும் வழி அதுதான். பள்ளிக்கூடப் பை, மார்க்கற் சாமான், உலர்த்தப் போட்ட துவாய், நாயின் உரோமம், எல்லாம் போய் ஒதுங்கும் மூலையும் அதுதான். பத்து வருடத் தூசு விசிறியின் இதழ்களில் கம்பளிபோலப் படிந்துவிட்டால் விசிறி சுழலும், காற்று போகாது. கொழும்பு வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏசி போடாமல் ஓடுகிறவர் பற்றரிக்கு 34 பாகைக் காற்றை ஊட்டுகிறார். ஏசியில் மிச்சம் பிடிக்கும் பெற்றோலைப் பற்றரியில் இழக்கும் கணக்கு இது.

விசிறியைக் கழற்றித் தூரிகையால் சுத்தம் செய்வதற்குக் கூலி மட்டும்தான் செலவு. வருடத்துக்கு ஒருமுறை போதும். நிறுத்தியிருக்கும்போது பின்சீற்றுப் பக்கமிருந்து முன்பு கேட்காத இரைச்சல் கேட்டால் அதற்கும் முன்பே செய்ய வேண்டும்.

பற்றரியைப் பழிக்க முன் இன்னொரு பற்றரியையும் பார்க்க வேண்டும். ஹைபிரிட்டிலும் 12 வோல்ற் பற்றரி உண்டு. அது என்ஜினைச் சுழற்றுவதில்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேக்களை மூடுகிறது. அது பலவீனமானால் டாஷ்போட்டில் சம்பந்தா சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும், “றெடி” மட்டும் வராது. பார்க்கிறவருக்குக் கார் செத்துவிட்டது போலத் தோன்றும். நிறுத்தி வைத்த காரில் மல்ரிமீற்றரைப் பிடித்தால் 12.6 வோல்ற் அளவில் காட்ட வேண்டும். 12க்குக் கீழே போனால் சந்தேகமே வேண்டாம். இதை மாற்றும்போது விலை குறைந்த சாதாரண அமிலப் பற்றரியைப் போடாதீர்கள். இருப்பது காருக்குள்ளே என்பதால், வாயு வெளியேற வழி வைத்த, மூடிய ரகமே இதற்கு உரியது.

நீண்ட நாள் நிறுத்தி வைப்பதும் இரண்டு பற்றரிகளுக்கும் ஆகாது. சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அரை மணி நேரம் அல்லது 16 கிலோமீற்றர் ஓட்டச் சொல்கிறது ரொயோட்டாவின் கைநூல். நம் வெக்கைக்கு வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட மோசமானது பெற்றோல் தீர்ந்த பிறகும் ஓட்டுவது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்த காலத்தில் இந்த ஆசை பலருக்கு வந்திருக்கும்: பெற்றோல் இல்லாவிட்டாலும் மின்சாரத்தில் கொஞ்சம் நகருமே! நகரும். ஆனால் என்ஜினை எழுப்ப வேண்டியதும் அதே பெரிய பற்றரிதான். அதை முழுதாக வடித்துவிட்டால் தாங்கியை நிரப்பினாலும் கார் எழும்பாது. 12 வோல்ற்றுக்குக் கம்பி போட்டும் பயனில்லை. நெரிசலில் கியரை ‘என்’னில் போட்டுவிட்டு ஏசியை ஓட விடுவதும் இதே இனம்தான். ‘என்’னில் இருக்கும்போது என்ஜின் பற்றரியை நிரப்ப முடியாது. நிற்க வேண்டுமானால் ‘பி’யில் நில்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பற்றரியே பழுது என்றால்? திரையில் பற்றரியின் அளவு சில நிமிடங்களில் உச்சிக்கும் அடிக்குமாக ஏறி இறங்கும். என்ஜின் அடிக்கடி எழும்பும், விசிறி உரத்து ஓடும். கடைசியில் சிவப்பு முக்கோணத்தோடு பி0ஏ80 என்ற குறியீடு விழும். உடனே ‘பற்றரி போச்சு’ என்பார்கள். போயிருக்கலாம். அதற்கு முன், காரின் கணினியை வாசிக்கும், புளூருத்தில் வேலை செய்யும் சிறிய ஓபிடி கருவி ஒன்றை வாங்கி, ‘டொக்டர் பிரியஸ்’ போன்ற செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு மொடியூல்களாகச் சேர்த்து 14 தொகுதிகளின் வோல்ற்றளவு திரையில் வரும். ஒவ்வொன்றிலும் 12 செல்கள். மேட்டில் ஏறும்போது எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கினால் பற்றரி ஒரே சீராகத்தான் வயதாகிறது. ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து ஏறத்தாழ 1.2 வோல்ற் கீழே நின்றால் அதற்குள் ஒரு செல் செத்துக் கிடக்கிறது. செல்களில் பழுதே இல்லாமல், மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்து அளவு பிசகுவதும் உண்டு. அந்தத் தகடுகளைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ பிரச்சினை தீரலாம்.

கார் வாங்கப் போகும்போதும் இந்தக் கருவி சட்டைப்பையில் இருக்கட்டும். குறியீட்டை அழித்துவிட்டு விற்கிறவர்கள் உண்டு. அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதையும் இதே கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

செத்த மொடியூல் ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சொல்லாத ஊர் இல்லை. மலிவான வழியும் அதுதான், என் பார்வையில் ஏமாற்றமான வழியும் அதுதான். மொடியூல்கள் ஒரே தொடரில் இருப்பதால் எல்லாவற்றின் ஊடாகவும் ஒரே மின்னோட்டம் போகிறது. கொள்ளளவு குறைந்தது முதலில் காலியாகும். மற்றவை தொடர்ந்து தள்ளுவதால் அதன் முனைகள் தலைகீழாகி, சூடேறி, வாயு விடும். புதிதாகச் செருகியது எங்கோ கழற்றிய பழைய பற்றரியிலிருந்து வந்ததாகவே இருக்கும். மீதி 27உம் செத்துப்போனதோடு ஒன்றாகப் பிறந்தவை. சில மாதங்களில் அடுத்தது விழும், திரும்பக் கூலி. விற்கப் போகிறவருக்கு இது லாபம். வைத்திருக்கப் போகிறவருக்கு நட்டம்.

‘ரீகண்டிஷன்’ பண்ணிய முழுப் பற்றரி என்றால் நேரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு மொடியூலையும் பலமுறை நிரப்பி, வடித்து, கொள்ளளவைக் குறித்து, ஒத்தவற்றைச் சேர்ப்பதுதான் அந்த வேலை. அதற்கு நாட்கள் எடுக்கும். காலையில் காரை விட்டு மத்தியானம் எடுக்கலாம் என்கிறவரிடம் ஏற்கெனவே அப்படிச் சேர்த்து வைத்த பற்றரி இருக்க வேண்டும், இருந்தால் அளவெடுத்த தாளும் இருக்க வேண்டும். மொடியூல்வாரியாகக் கொள்ளளவைக் காட்டாத ‘ரீகண்டிஷன்’ வெறும் துடைப்பு வேலை. இன்னும் ஐந்து வருடம் காரை வைத்திருக்கும் எண்ணமானால், எல்லாச் செல்களும் புதிதாக உள்ள பற்றரிதான் வருடக் கணக்கில் பார்க்கும்போது மலிவு.

பற்றரிப் பெட்டியைத் திறப்பது உரிமையாளருக்கான வேலையல்ல. விசிறி, தூசு, 12 வோல்ற், ஸ்கானர் வரை நம் கை போகலாம். செம்மஞ்சள் நிறக் கேபிள் எங்கே தொடங்குகிறதோ அங்கே நம் எல்லை முடிகிறது. சேவிஸ் பிளக்கை இழுத்துவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று நினைப்பது தப்பு. பிளக் பற்றரியை நடுவில் துண்டிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பாதிகளிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இன்வேர்ட்டருக்குள் மின்னழுத்தம் 650 வோல்ற் வரை உயர்த்தப்படுகிறது. அங்குள்ள கொள்ளளவிகள் வடியப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஆயிரம் வோல்ற் தாங்கும் இறப்பர்க் கையுறை இல்லாமல் இதில் கை வைக்கும் மெக்கானிக்கிடம் காரை விட்டுவிட்டு வராதீர்கள்.

பற்றரிப் பயத்தில் மறந்துபோகும் இன்னொரு நோய் மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 1.8 லீற்றர் என்ஜினில் இருக்கிறது. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உறிஞ்சுவழிக்கு அனுப்பும் ஈஜிஆர் அமைப்பு இந்த என்ஜினில் உண்டு. அதன் குளிர்விப்பானில் காலப்போக்கில் கரி அடைக்கிறது. அடைப்பால் சிலிண்டர்களுக்குள் வெப்பம் ஏறி ஹெட் கஸ்கெற் போகிறது என்பது இந்தக் கார்களைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குகளின் பொதுவான கருத்து. விடியற்காலையில் முதன்முதல் என்ஜின் எழும்பும்போது சில விநாடி கார் கடகடவென்று உதறினால், கீழே ஒழுக்கில்லாமல் கூலன்ற் குறைந்தால், அது பற்றரியல்ல. குளிர்விப்பானையும் உறிஞ்சுகுழாயையும் ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு முன் கழற்றிக் கழுவுவது ஒருநாள் கூலி. கஸ்கெற் போன பிறகு என்ஜின் வேலையே பற்றரி விலைக்கு வந்துவிடும்.

இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ற் வட்டமும் தனி மின்பம்பும் உண்டு. கார் ‘றெடி’யில் இருக்கும்போது அதன் தாங்கிக்குள் திரவம் கலங்கிக் கொண்டிருக்க வேண்டும். அசையாமல் நின்றால் பம்ப் போய்விட்டது. பம்ப்பை மாற்றினால் இன்வேர்ட்டர் தப்பும். சூட்டில் இன்வேர்ட்டர் சேதமாவதைத் தடுக்க மென்பொருளைத் திருத்தவென 2014 பெப்ரவரியில் 19 இலட்சம் பிரியஸ்களை ரொயோட்டா திரும்ப அழைத்தது. யப்பானில் பதிவான காருக்கு அந்த வேலை நடந்ததா என்பதைச் செசி இலக்கம் கொடுத்தால் ரொயோட்டாவின் யப்பானிய இணையத்தளத்தில் பார்க்கலாம்.

ஏசிக்கு வருவோம். இந்தக் கார்களின் கொம்பிரசரை இயக்குவது பற்றரியின் உயர் மின்னழுத்தம். மோட்டாரின் கம்பிச் சுருள் ஏசி ஓயிலிலேயே நனைந்து கிடக்கிறது. அதனால் அந்த ஓயில் மின்சாரம் கடத்தாததாக இருக்க வேண்டும். என்டி-11 என்பது அதற்குரியது. சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பிஏஜி ஓயில் கொஞ்சம் கலந்தாலும் காப்பு பலவீனமாகி, மின்சாரம் உடலுக்குக் கசிகிறது என்று கணினி பி0ஏஏ6 குறியீட்டைப் போட்டுக் காரை எழும்பவிடாமல் செய்யலாம். காஸ் அடிக்கப் போன இடத்தில் கார் படுத்துவிட்டதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான். காஸ் நிரப்பும் கடைக்காரரிடம் எந்த ஓயில் என்று கேளுங்கள். தெரியாது என்றால் வேறு கடை.

பிறேக் கட்டைகள் ஓர் இலட்சம் கிலோமீற்றரையும் தாண்டி வரும், ஏனென்றால் பாதி வேலையை மோட்டாரே செய்கிறது. வேலையில்லாததால் கலிப்பரின் ஊசிகள் துருப்பிடித்து இறுகுகின்றன. வருடாவருடம் கழற்றிக் கிறீஸ் பூசினால் போதும். பிறேக் மிதிக்காமலே சில விநாடிக்கொரு முறை பொனற்றுக்குள் பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் அது வேறு விடயம், விலையும் கூட.

வெசலும் மூன்றாம் தலைமுறை ஃபிற்றும் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் இருப்பது லித்தியம் பற்றரியும் ஏழு கியர் உலர் இரட்டைக் கிளச்சும். அங்கே தலையிடி பற்றரியை விடக் கிளச்தான். நெரிசலில் முன்காரோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளச் சூடேறும். கொஞ்சம் இடைவெளி விட்டு நின்று, ஒரே மூச்சில் நகர்வது நல்லது.

பற்றரி மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், விலை பேசும்போது பழைய பெட்டியையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு மூன்று மொடியூல்கள்தான் செத்திருக்கும். மீதியைப் பிரித்து, அளந்து, இன்னொருவருக்கு விற்கலாம். எதற்கும் உதவாதவற்றிலும் நிக்கல் இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கிறவர் அதை இலவசமாக வாங்கி வைக்க ஆயத்தமாக இருந்தால், புதிய பற்றரியின் விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்க இடமிருக்கிறது என்று அர்த்தம்.