உங்களுக்குத் தெரியுமா? காட்டுக்குள் 229 பேர்

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சுமார் மூன்று நாளில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). அங்கிருந்து தெற்கே இன்னும் 500 கி.மீ.க்கு மேல் போனால் பெரிய நிக்கோபார் தீவு. அதன் மழைக்காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள், 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர்தான். தாழம்பழம்தான் அவர்களுக்குச் சோறு மாதிரி; மரப்பட்டைக் கலத்தில் வேகவைப்பார்கள். பெரும்பாலோர் வெளியாருடன் பழகுவதில்லை. நமக்கு வரும் சாதாரணச் சளிக்காய்ச்சலே அவர்கள் உயிரைக் குடித்துவிடலாம்.

1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறைப்படி, அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம். பெருந்திட்டம் எது வந்தாலும் ஷோம்பென் நலனுக்கே முன்னுரிமை என்று 2015-இல் அரசே கொள்கை வகுத்தது. ஆனாலும் 2022-இல், அத்தீவின் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், கூடவே விமான நிலையம், மின்நிலையம், நகரம் என்று கட்டுவதற்கு சுமார் 130 சதுர கி.மீ. காட்டைத் தர ஒப்புதல் கிடைத்தது. தீவின் பழங்குடிக் குழு, தான் கொடுத்த சம்மதத்தை அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது.

இத்தகைய திட்டங்கள் என்ன செய்யும்? துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்தபின் தங்கள் ஆறு என்ன ஆனது என்று, சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களிடம் கேளுங்கள். சாம்பல் படிந்த சேற்றைக் காட்டுவார்கள். அவர்களாவது ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போக முடிகிறது. ஷோம்பென் மக்கள் வரமாட்டார்கள். அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டும்.