கணிப்பான் எதை முதலில் செய்யும்?

2 + 3 × 4 என்ற கணக்கை மளிகைக் கடைக் கணிப்பானில் அப்படியே தட்டிப் பாருங்கள். 20 வரும். எஸ்.பி.எம். மாணவர்கள் வைத்திருக்கும் அறிவியல் கணிப்பானில் தட்டினால் 14 வரும். இரண்டும் பழுதானவை அல்ல. கடைக் கணிப்பான் விசை அழுத்தும் வரிசையிலேயே கணக்கை முடித்துக்கொண்டு போகும். × விசையைத் தொட்டதுமே 2 + 3 என்பது 5 ஆகிவிடும். அறிவியல் கணிப்பானோ முழுத் தொடரையும் வாங்கி வைத்துக்கொண்டு, = அழுத்திய பிறகே எதை முதலில் செய்வது என்று பார்க்கும்.

பெருக்கலுக்கு ஏன் முதலிடம்? எங்கள் கோலா கங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. ஆகவே உதாரணத்தையும் ரப்பரிலிருந்தே எடுக்கிறேன். ஒருவர் 18 கிலோ ஒட்டுப்பாலையும் 40 கிலோ கட்டிப்பாலையும் விற்கிறார். கணக்குக்காக ஒன்று கிலோ 5 வெள்ளி, மற்றது 3 வெள்ளி என்று வைப்போம். 18 × 5 + 40 × 3, அதாவது 90 + 120. மொத்தம் 210 வெள்ளி. இதையே கடைக் கணிப்பானில் ஒரே மூச்சில் தட்டினால் 90-உடன் 40-ஐக் கூட்டி, அதை மூன்றால் பெருக்கி, 390 என்று காட்டும். 90 வெள்ளியோடு 40 கிலோவைக் கூட்ட முடியுமா? பெருக்கினால்தான் கிலோ வெள்ளியாகிறது. அதற்குப் பிறகே கூட்ட முடியும்.

ஆனால் எந்தத் தவுக்கேயும் இப்படி 180 வெள்ளியை விட்டுவிட மாட்டார். 18 × 5 தட்டி எம்+ விசையை அழுத்துவார், 40 × 3 தட்டி மீண்டும் எம்+, கடைசியில் எம்ஆர். நாம் அடைப்புக்குறி போட்டுச் செய்வதை அவர் நினைவு விசையால் செய்கிறார்.

தமிழ்ப்பள்ளியில் கலவைக் கணக்கு படித்தபோது அடைப்புக்குறி, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசையை மனனம் செய்தோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வகுத்தலும் பெருக்கலும் சம தகுதி உடையவை. கூட்டலும் கழித்தலும் அப்படியே. சம தகுதி உள்ளவை அடுத்தடுத்து வந்தால் இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். 10 − 4 + 3 என்பதில் கூட்டலை முதலில் செய்தால் 3 வரும். கணிப்பான் காட்டுவது 9, அதுவே சரி.

இடைநிலைப்பள்ளியில் மதிப்பெண் போகும் இடம் வேறு. தாளில் பின்னக் கோடு தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே கட்டி வைத்திருக்கிறது. கேசியோ எஃப்.எக்ஸ்-570 எம்.எஸ். போன்ற கணிப்பானில் அந்தக் கோட்டைப் போட முடியாது. ஒரே வரியில் ÷ குறியோடு எழுத வேண்டும். 3x² − 7x + 2 = 0 என்ற சமன்பாட்டைச் சூத்திரத்தால் தீர்க்கும்போது ஒரு விடை 2. அதற்கு (7 + √(49 − 24)) ÷ (2 × 3) என்று தட்ட வேண்டும். மேலே உள்ள அடைப்புக்குறியை விட்டால் 7 + 5 ÷ 6 ஆகிவிடும். கீழே உள்ளதை விட்டால் 12 ÷ 2 × 3, அதாவது 18. இரண்டையும் விட்டால் 14.5. கணிப்பான் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் அதன் பார்வையில் எந்தப் பிழையும் இல்லை. பின்னக் கோடு ஓர் அடைப்புக்குறிதான் என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தாலே போதும் என்பது என் கருத்து. விதியை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள், இதைச் சொல்வோர் குறைவு.

குறை எண்ணிலும் இதே தொல்லை. −3² என்று தட்டினால் −9 வரும். அடுக்குக்கு முன்னுரிமை என்பதால் 3 முதலில் வர்க்கமாகிறது, பிறகே குறைக் குறி சேர்கிறது. −3-இன் வர்க்கம் வேண்டுமானால் (−3)² என்றே தட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எக்செல்லில் =-3^2 என்று எழுதினால் 9 வரும். பல்கலைக்கழகத்தில் ஆய்வக அறிக்கைக்கு எக்செல்லைப் பயன்படுத்துவோர் கவனிக்க.

கணிப்பான்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாத இடமும் உண்டு. 6 ÷ 2(1 + 2) என்று பெருக்கல் குறியை விட்டு எழுதினால், கேசியோ எஃப்.எக்ஸ்-570 இ.எக்ஸ். அதைத் தானாகவே 6 ÷ (2(1 + 2)) என்று மாற்றி 1 என்கிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டி.ஐ.-84 பிளஸ் 9 என்கிறது. அதே நிறுவனத்தின் பழைய டி.ஐ.-82, குறி இல்லாத பெருக்கலுக்கு முன்னுரிமை தந்தது; டி.ஐ.-83-இல் அந்த முறை மாறிவிட்டது. குறியில்லாப் பெருக்கலுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட இடம் இல்லாததே காரணம். × குறியைப் போட்டு 6 ÷ 2 × (1 + 2) என்று தட்டினால் எல்லா அறிவியல் கணிப்பானும் 9 என்றே சொல்லும். 1 தான் வேண்டுமானால் கீழே உள்ளதற்கு நாமே அடைப்புக்குறி போட வேண்டும்.

தேர்வுக்கு முன் நண்பரிடம் கணிப்பான் கடன் வாங்கினால், முதலில் 6 ÷ 2(1 + 2), −3² ஆகிய இரண்டையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். அரை நிமிடம் போதும்.