கட்டிலில் திரும்பினாலே வீடு சுத்துதா? பித்தமும் இல்ல, பிரஷரும் இல்ல... காதுக்குள்ள இருக்கு காரணம்!

"ராத்திரி நல்லாத்தான் படுத்தேன். காலையில வலது பக்கம் திரும்பினதும் வீடே கிறுகிறுன்னு சுத்துச்சு. கட்டிலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மட்டுமல்ல, எந்த ஊர் கிளினிக்கிலும் அடிக்கடி கேட்கிற புகார் இது. இதற்கு வீட்டில் கிடைக்கும் விளக்கங்களும் நமக்கு மனப்பாடம். 'பித்தம் ஏறிடுச்சு', 'பிரஷர் கூடிடுச்சு', 'கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும்'. சிலர் கழுத்துப் பட்டையோடு மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். சிலர் ஒரே மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள்.

ஆனால் இப்படித் திரும்பிப் படுக்கும்போது சில நொடிகள் சுற்றி நிற்கிற தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் உள்காது. அதைச் சரிசெய்ய மருத்துவருக்குப் பத்து நிமிடமும் ஒரு படுக்கையும் போதும். இது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

காதுக்கும் தலைசுத்தலுக்கும் என்ன சம்பந்தம்?

காது கேட்பதற்கு மட்டும் இல்லை. உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். நாம் தலையைத் திருப்பினால் அந்தத் திரவம் அசையும். 'தலை இந்தப் பக்கம் திரும்புது' என்று மூளைக்குத் தகவல் போகும். பக்கத்திலேயே இரண்டு சின்னப் பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நேராக நிற்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா, பஸ் வேகம் எடுக்கிறதா என்று சொல்வது இவைதான்.

காது, கண், கால் மூட்டுகள் மூன்றும் ஒரே செய்தியைச் சொன்னால் நாம் தடுமாறாமல் நடப்போம். காது மட்டும் தவறான செய்தி அனுப்பினால் மூளை குழம்பிவிடும். அசையாத வீடு சுற்றுவது போலத் தெரியும், குமட்டலும் சேர்ந்துகொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவாரஸ்யமானது. வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரானி, நோயாளிகளின் காதைக் கழுவும்போது ஒன்றைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தாலும், ரொம்பச் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தலை சுற்றியது. கண்களும் எதிரெதிர் திசைகளில் துடித்தன. அந்த ஆய்வுகளுக்காக அவருக்கு 1914-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. சேதி வந்தபோது அவர் முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்!

'தலைசுத்துது'ன்னா எது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாலு வேறு பிரச்சினைகளுக்கும் நாம் ஒரே வார்த்தையைச் சொல்கிறோம்.

* சுற்றுப்புறம் உண்மையாகவே சுழல்வது போல இருந்தால், அதுதான் வெர்டிகோ. காது அல்லது மூளை சம்பந்தப்பட்டது.
* எழுந்து நின்றதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால், ரத்த அழுத்தம் இறங்குவது, ரத்தசோகை, உடலில் நீர் குறைவது போன்றவை காரணமாகலாம்.
* உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை, நடந்தால்தான் தள்ளாட்டம் என்றால், நரம்புகளையும் இரண்டு காதுகளையும் பரிசோதிக்க வேண்டும்.
* தலை லேசாகி, நெஞ்சு படபடத்தால், சர்க்கரை குறைவோ பதற்றமோ இருக்கலாம்.

டாக்டரிடம் 'தலைசுத்துது சார்' என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு திரும்புவோம். எது சுற்றுகிறது, எப்போது, எவ்வளவு நேரம் என்று சொன்னால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இடம் மாறிய துகள்கள்

வெர்டிகோவுக்கு மிகச் சாதாரணமான காரணத்தின் பெயர் பிபிபிவி. விஷயம் எளிமையானது. பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் துகள்கள் கழன்று, அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலையை அசைக்கும்போது அவை உருண்டு திரவத்தைத் தள்ளுகின்றன. உடனே சுழற்சி! துகள்கள் அடங்கியதும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள், நின்றுவிடும்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது. தலையில் அடிபட்டாலும் வரும். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் விழுந்து 'ஸ்கேன் நார்மல்' என்று வீடு திரும்பிய இளைஞர்களுக்குச் சில நாள் கழித்து வரும் தலைசுற்றலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ தேவையில்லை. 1952-ல் விளக்கப்பட்ட டிக்ஸ்-ஹால்பைக் சோதனை போதும். டாக்டர் உங்கள் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைக் கவனிப்பார். விழிகள் ஒரு குறிப்பிட்ட விதத்தில் துடித்தால் எந்தக் காது, எந்தக் குழாய் என்பது தெரிந்துவிடும்.

சிகிச்சையின் பெயர் எப்லி. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி கண்டுபிடித்தது. தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி, துகள்களைக் குழாயிலிருந்து பழைய இடத்துக்கே உருட்டிவிடுவதுதான் மொத்த வைத்தியமும். 'இவ்வளவு எளிதா தீருமா?' என்று பல வருடங்கள் சக மருத்துவர்களே நம்பவில்லை. 1992-ல் அவருடைய கட்டுரை வெளியானது. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை. ஒன்றிரண்டு முறை செய்தாலே பத்தில் எட்டுப் பேர் குணமாகிறார்கள்.

யூடியூப் பார்த்து நாமே செய்யலாமா? முதல் முறை வேண்டாம். எந்தக் காது என்று தெரியாமல் செய்தால் பலன் இருக்காது. கழுத்து, முதுகெலும்புப் பிரச்சினை இருப்பவர்களுக்கு ஆபத்தும்கூட. டாக்டர் ஒருமுறை செய்து காட்டிய பிறகு, அவர் சொன்னபடி வீட்டில் செய்யலாம்.

திரும்ப வருமா? வரலாம். அப்போதும் இதே சிகிச்சைதான். 2020-ல் வெளியான தென் கொரிய ஆய்வு ஒன்று 957 பேரைக் கவனித்தது. அதில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு வைட்டமின் டி, கால்சியம் கொடுத்தபோது, திரும்ப வருவது 24% குறைந்தது.

நேரம் சொல்லும் சேதி

சுற்றல் நீடிக்கும் நேரத்தை வைத்து மற்ற காரணங்களையும் ஓரளவு பிரித்துவிடலாம்.

* 20 நிமிடம் முதல் பல மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைச்சலோடு கேட்கும் திறன் குறைந்தால், அது மெனியர் நோயாக இருக்கலாம். உள்காதுத் திரவம் அதிகமாவதோடு தொடர்புடையது. உப்பைக் குறைப்பது முதல் படி. விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டுக்கு இந்த நோய் வந்து பறக்கவே தடை விழுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 1971-ல் அப்போலோ 14-ல் போய் நிலவில் நடந்தார்.
* நாள் கணக்கில் விடாமல் சுற்றி, காது மட்டும் நன்றாகக் கேட்டால், சமநிலை நரம்பில் வீக்கம் இருக்கலாம். பெரும்பாலும் வைரஸ் தொற்றை ஒட்டி வருவது.
* ஒற்றைத் தலைவலி வரலாறு இருந்து, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போனால், மைக்ரேன் சார்ந்த வெர்டிகோவாக இருக்கலாம்.

மாத்திரை எதுக்கு, எத்தனை நாள்?

கடுமையான சுற்றலுக்கும் வாந்திக்கும் முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரை உதவும். ஆனால் குழாயில் விழுந்த துகளை எந்த மாத்திரையும் வெளியே எடுக்காது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவற்றை மாதக்கணக்கில் போட்டால் இன்னொரு சிக்கல். காது இழந்த வேலையை ஈடுகட்ட மூளை கற்றுக்கொள்ளும். அந்தக் கற்றலையே இவை தாமதப்படுத்தும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடை மந்தம் என பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளும் வரலாம். உங்கள் அம்மாவோ ஆயாவோ இந்த மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறார்களா? சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

தலைசுற்றலோடு இவற்றில் ஒன்று இருந்தாலும், அது பக்கவாதமாக இருக்கலாம்:

* பேச்சு குழறுவது, முகம் கோணுவது
* இரட்டையாகத் தெரிவது
* கை, கால் பலவீனம் அல்லது மரத்துப்போவது
* பிடிக்காமல் நிற்கவே முடியாமல் போவது
* இதுவரை இல்லாத கடுமையான தலைவலி

எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் படுக்கவைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள். மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதம் ஆரம்ப சி.டி ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். 'ஸ்கேன் நார்மல்' என்றாலும் அறிகுறி தொடர்ந்தால் விடாமல் சொல்லுங்கள்.

எங்கே போகலாம்?

அவசரம் இல்லாத தலைசுற்றலுக்குக் காது மூக்கு தொண்டைப் பிரிவுதான் சரியான இடம். விழுப்புரம்காரர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம்.

போகும்போது எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். சுற்றும்போது முடிந்தால் வீட்டில் யாரையாவது உங்கள் கண்களை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். விழி துடிப்பது பதிவாகியிருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. அதுவரை பைக் ஓட்டுவது, ஏணியிலோ மரத்திலோ ஏறுவது, கிணற்றோரம் தனியாக நிற்பது எதுவும் வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வயதானவர்களுக்குத் தலைசுற்றலைவிட, அதனால் விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து.